அட்டையில் ‘லைவ்’, உள்ளே என்ன? ராக் மேடை ஆல்பங்களுக்கு ஒரு விளக்கம்

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனின் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அரங்கேறியது. அந்த அரங்கின் பழைய பெயர் ஹேமர்ஸ்மித் ஓடியன். ராக் இசை கேட்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் இது. மோட்டர்ஹெட் குழு 1981இல் வெளியிட்ட ‘நோ ஸ்லீப் டில் ஹேமர்ஸ்மித்’ ஆல்பம் இதைத் தலைப்பிலேயே தாங்கி, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பண்ணைப்புரத்துக்காரர் ஏறிய மேடையில் பதிவான ஆல்பம் என்று ஆசையோடு அதைத் தேடிக் கேட்கிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஹேமர்ஸ்மித்தில் பதிவாகவில்லை. பெரும்பகுதி லீட்ஸிலும் நியூகாசிலிலும் எடுத்தது.

இப்படி இன்னொன்றும் உண்டு. பாப் டிலனின் கச்சேரி ஒன்று ‘ராயல் ஆல்பர்ட் ஹால்’ என்ற பெயரில் பல ஆண்டுகள் திருட்டுப் பதிவாகக் கைமாறியது. உண்மையில் அது 1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்தது. 1998இல் முறைப்படி வெளிவந்தபோதும் பழகிப்போன தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தே அச்சிட்டார்கள்.

‘எக்காலத்துக்கும் சிறந்த லைவ் ராக் ஆல்பங்கள்’ என்று பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு பாட்டுச் செயலியில் தேடினால் ஒரே ஆல்பம் 6 பாடலோடு ஒன்று, 14 பாடலோடு ஒன்று, 2 மணி நேரத்துக்கு ஒன்று என்று வரிசையாக வந்து நிற்கிறது. ‘பாதி ஸ்டுடியோவில் சேர்த்தது’ என்ற பேச்சும் கூடவே வருகிறது. எது மேடையில் நடந்தது, எது பிறகு சேர்ந்தது, எதைக் கேட்கலாம் என்பதை அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

மேடை ஒலி டேப்பில் ஏறும் விதம்

லைவ் ஆல்பம் என்பது கேட்போர் முன்னிலையில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து விற்பனைக்கு விடுவது. நடுவே நான்கு வேலைகள் இருக்கின்றன.

1. மைக் வைப்பது. பாடகர், கிட்டாரின் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி), டிரம்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனி மைக். கூட்டத்தின் சத்தத்துக்கும் அரங்கின் முழக்கத்துக்கும் வேறு மைக்.

2. ட்ராக் பிரிப்பது. ஒவ்வொரு மைக்கின் ஒலியும், அல்லது சில மைக்குகள் சேர்ந்த ஒலியும், டேப்பில் தனித்தனிப் பட்டையாக ஏறும். 1960களின் இறுதியில் 8 ட்ராக், 16 ட்ராக் கருவிகள் மேடைப் பதிவுக்கு வந்தன. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ‘லைவ்/டெட்’ (1969) 16 ட்ராக்கில் பதிவான முதல் லைவ் ராக் ஆல்பமாகச் சொல்லப்படுகிறது.

3. மிக்ஸ். எந்த ட்ராக் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று பிறகு உட்கார்ந்து முடிவு செய்வது. ஒரே டேப்பை இரண்டு பேர் மிக்ஸ் செய்தால் இரண்டு வேறு கச்சேரிகள் கிடைக்கும்.

4. எடிட், ஓவர்டப். எடிட் என்றால் வெட்டி ஒட்டுவது. ஓவர்டப் என்றால் ஸ்டுடியோவில் மறுபடி பாடியோ வாசித்தோ சேர்ப்பது. சர்ச்சை எல்லாம் இந்த நான்காவது வேலையைப் பற்றியதுதான்.

ஓவர்டப் செய்வதற்கு மேடையே ஒரு தடை போடுகிறது. பாடகரின் மைக்கில் அவர் குரல் மட்டும் ஏறுவதில்லை; பின்னால் அடிக்கும் டிரம்ஸும் சேர்ந்தே ஏறும். பாடகர் பிசகிய வரியை அழித்துப் புதிதாகப் பாடினாலும், மற்ற மைக்குகளில் பழைய குரல் நிழல்போல் மெலிதாக நிற்கும். சத்தம் பெரிதாக உள்ள சின்ன மேடையில் இந்தக் கலப்பு அதிகம், அதனால் மறைத்துத் திருத்துவதும் கடினம்.

மதுரைப் பக்கம் திருவிழாக் கச்சேரிகளைப் பதிவு செய்யும் மைக்செட்காரர்களுக்கு இதில் ஒரு பகுதி தெரிந்த சங்கதி. மிக்ஸரின் அவுட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து ரெக்கார்டரில் செருகினால் பாட்டுக்காரர் குரல் பளிச்சென்று வரும். தவிலோ டிரம்ஸோ மெலிந்துபோகும். தவில் தன் பலத்திலேயே பந்தல் முழுக்கக் கேட்கும் என்பதால் அதன் மைக்கைக் குறைத்தே வைத்திருப்பார்கள். பந்தலுக்கு அது சரியான அளவு, பதிவுக்கு ஆகாது. இதனால்தான் பெரிய ராக் குழுக்கள் ஒலிபெருக்கிக்கு ஒரு மிக்ஸரும் பதிவுக்கு இன்னொரு மிக்ஸரும் வைத்தன. பதிவு மிக்ஸர் அரங்குக்கு வெளியே நிற்கும் வண்டிக்குள் இருக்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அப்படி ஒரு வண்டியைச் சொந்தமாகவே வைத்திருந்து, மற்றவர்களுக்கும் கொடுத்தது. பாப் மார்லியின் 1975 லண்டன் லைசியம் கச்சேரி அதில் பதிவானதுதான்.

இன்றைய ஊர்த் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் மைனஸ் ட்ராக்கை (பாடுபவர் குரல் இல்லாத இசைப் பதிவை) ஓடவிட்டு அதன்மேல் பாடுவது சகஜமாகிவிட்டது. அங்கே மேடையில் கேட்பதிலேயே ஒரு பங்கு முன்கூட்டிப் பதிவானது. 1970களின் ராக் மேடையில் பெரும்பாலும் எல்லாவற்றையும் அங்கேயே வாசித்தார்கள். மாற்றம் நடந்தது கச்சேரி முடிந்த பிறகு, ஸ்டுடியோவில். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரே ஆல்பத்துக்கு ஏன் இத்தனை பதிப்பு

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல சத்தத்தோடு 20 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பதிக்க முடியும். நேரம் கூடினால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் சத்தம் குறையும். இரண்டு மணி நேரக் கச்சேரி ஒரு தட்டில் அடங்காது. எதை விடுவது என்பதே அந்தக் கால லைவ் ஆல்பத்தின் முதல் கேள்வி.

ஹூ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் நடந்த கச்சேரி அது. மாணவர்கள் சாப்பிடும் கூடம்; இசைக்கென்று கட்டிய அரங்கு இல்லை. முந்தைய அமெரிக்கப் பயணத்தில் எடுத்த டேப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. அவற்றைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க மனமில்லாமல் எரித்துவிடச் சொன்னதாக அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் பின்னாளில் சொன்னார். லீட்ஸிலும் மறுநாள் ஹல் நகரிலும் புதிதாகப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு நடந்தது இது:

1. 1970 பதிப்பில் 6 பாடல்கள்தான். டேப்பில் ‘சடசட’ என்ற இரைச்சல் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்ய முயல வேண்டாம் என்று தட்டின் லேபிளிலேயே எழுதி விற்றார்கள். அட்டையும் திருட்டுப் பதிவின் அட்டை போலவே முத்திரை குத்திய பழுப்பு அட்டை.

2. 1995 பதிப்பில் 14 பாடல்கள். இரைச்சலைக் கணினியில் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள்.

3. 2001 பதிப்பு இரண்டு தட்டு. கச்சேரியின் நடுவில் வாசித்த ‘டாமி’ என்ற கதைப்பாடல் தொகுப்பின் பகுதியைத் தனியாகப் பிரித்து இரண்டாம் தட்டில் வைத்தார்கள். பாடல்கள் நிறைந்தன, வரிசை கலைந்தது.

4. 2010 பதிப்பில் ஹல் கச்சேரியும் சேர்ந்தது. அங்கே முதல் சில பாடல்களில் பேஸ் கிட்டார் பதிவாகவே இல்லை. முந்தின இரவு லீட்ஸில் வாசித்த பேஸை எடுத்து அந்த இடங்களில் பொருத்தினார்கள்.

நான்காவதை நின்று பார்க்க வேண்டும். இரண்டு ஊர், இரண்டு இரவு, ஒரே பாட்டு. நான்கு பேரும் லயத்தில் அவ்வளவு உறுதியாக இருந்ததால்தான் அந்த ஒட்டு சாத்தியமாயிற்று. ஆனாலும் அந்தச் சில பாடல்களை ஹல்லில் நடந்த கச்சேரி என்று முழுமனதோடு சொல்ல முடியாது. முதன்முதலாகக் கேட்பவர் 1970இன் 6 பாடல்களிலிருந்து தொடங்கி, பிறகு 1995 பதிப்புக்குப் போகலாம். மற்ற இரண்டும் குழுவின் மேல் பித்துப் பிடித்த பிறகு.

திருட்டுப் பதிவு போன்ற அட்டை ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1969 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸின் ஓக்லாந்து கச்சேரியை யாரோ கூட்டத்தோடு உட்கார்ந்து பதிவு செய்து தட்டாகவே விற்றுவிட்டார்கள், ஒலியும் நன்றாக இருந்தது. நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. 1970 செப்டம்பரில் ஸ்டோன்ஸின் ‘கெட் யெர் யா-யாஸ் அவுட்’ முறைப்படி வந்தது. லைவ் ஆல்பம் விற்காது என்ற எண்ணம் அதற்கு முன்பே ஒரு முறை உடைந்திருந்தது. 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க் அப்பல்லோ அரங்கில் பாடியதைப் பதிவு செய்ய ஜேம்ஸ் பிரவுன் தன் நிறுவனத்தைக் கேட்டார். முதலாளி மறுத்தார். பிரவுன் சொந்தப் பணத்தைப் போட்டார். 1963இல் வெளிவந்த அந்தத் தட்டு பெரிய வெற்றி பெற்றது. சோல் இசைதான் என்றாலும், ராக் குழுக்களுக்கு வழி திறந்தது அதுவே.

பூச்சு எவ்வளவு, எங்கே

கிஸ் குழுவின் ‘அலைவ்!’ (1975) பெரும் அளவில் ஸ்டுடியோவில் திருத்தப்பட்டது. அதன் தயாரிப்பாளர் எடி கிரேமரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். தின் லிஸ்ஸியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ (1978) பற்றி இன்றும் சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. 75 சதவீதம் ஸ்டுடியோவில் சேர்த்தது என்கிறார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. 75 சதவீதம் மேடையில் நடந்தது என்கிறது குழுவின் தரப்பு. சுத்தத்துக்குப் பேர்போன ‘லைவ் அட் லீட்ஸ்’ ஆல்பத்திலும் சரியாகப் பதிவாகாத பின்னணிக் குரல்கள் சிலவற்றை ஸ்டுடியோவில் பாடிச் சேர்த்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது. மூன்று வகை இருக்கிறது.

1. பழுது பார்ப்பது: மைக் வேலை செய்யாத இடத்தை நிரப்புவது. மேடையில் பாடியது உண்மை, டேப்பில் ஏறாதது கருவியின் குறை.

2. மெருகு: மேடையில் சரியாக வராததைச் சரியாக வந்ததுபோல் காட்டுவது.

3. நடக்காததை நடந்ததாகக் காட்டுவது.

மூன்றாவதற்கு உதாரணம், வருத்தத்தோடு சொல்ல வேண்டியது, ஒரு மகத்தான ஆல்பத்திலேயே இருக்கிறது. ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று ஃபால்சம் சிறையில் கைதிகள் முன் பாடினார். பாட்டில் ஒருவனைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லும் வரி வந்ததும் ஆரவாரம் கிளம்பும். அந்த ஆரவாரம் பிறகு ஒட்டியது. காவலர்கள் சுற்றி நிற்கும் கூடத்தில் கைதிகள் அந்த வரிக்கு அப்படிக் கத்தவில்லை. குரலைத் திருத்துவது பாடகர் தன் வேலையைத் திருத்திக்கொள்வது. இங்கே எதிர்த்துப் பேச வழியில்லாத மனிதர்கள் கொலையை ரசித்தவர்களாகக் காட்டப்பட்டார்கள். பிசகிய ஸ்வரத்தைச் சரிசெய்ததைவிட இது பெரிய தவறு. பட்டியல் போடுகிறவர்கள் கிஸ் குழுவைக் கடுமையாகக் கேள்வி கேட்டுவிட்டு இதைக் கடந்துபோவது நியாயமில்லை.

கச்சேரி கேட்ட காதுக்குச் சட்டென்று பிடிபடுவது

ராக் பாட்டு என்றால் 4 நிமிடம் என்று பழகியவர்களுக்கு, ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ (1971) பொறுமையைச் சோதிக்கலாம். இரட்டைத் தட்டின் நாலாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, ஏறக்குறைய 23 நிமிடம். ராகம், நிரவல், தனி ஆவர்த்தனம் என்று ஒரு கிருதியே அரை மணி நேரம் போவதைக் கேட்டு வளர்ந்த மதுரைக் காதுக்கு அந்தத் தயக்கம் வரத் தேவையில்லை. அந்தப் பாட்டின் தொடக்கம் பேஸ் கிட்டாரில் 11 எண்ணிக்கையில் வருகிறது. 3, 3, 3, 2 என்று பிரியும். மிருதங்கம் பழகிய பிள்ளை ஒருவர் முதல் சுற்றிலேயே கையில் போட்டுவிடுவார். பாடியவரும் எழுதியவருமான கிரெக் ஆல்மன் கணக்குப் போட்டு அதை அமைக்கவில்லை. மூன்று மும்மை போட்டுத் தொடக்கத்துக்குத் திரும்ப ஒரு இரண்டு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

1971 மார்ச் 12, 13 இரவுகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானது அது. தயாரிப்பாளர் டாம் டவுட் வெளியே நின்ற பதிவு வண்டியில் இருந்தார். முதல் நாள் குழுவினர் திடீரென்று ஊதுகருவிக் கலைஞர்களை மேடையேற்றிவிட்டார்கள். டவுட் பதறிப்போய் அவர்களை நிறுத்தச் சொன்னார். இரண்டு கிட்டார்களும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துப் போகும் அந்த விளையாட்டு மற்ற ஒலியில் மூழ்கிவிடக் கூடாது என்ற அவர் கவலை சரியானது. கேட்டால் தெரியும். டுவான் ஆல்மன் ஒரு சொற்கட்டை வைக்கிறார், டிக்கி பெட்ஸ் அதை வாங்கி வளர்க்கிறார். ஜூலையில் ஆல்பம் வந்தது. அந்த அரங்கு ஜூன் மாதமே மூடப்பட்டிருந்தது. அக்டோபர் 29 அன்று டுவான் ஆல்மன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார், வயது 24. அந்தக் கூட்டணியை இனி வேறெந்த வழியிலும் கேட்க முடியாது.

டீப் பர்ப்பிள் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’ இன்னும் நெருக்கம். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவிலும் 17 டோக்கியோ புடோகானிலும் நடந்த மூன்று கச்சேரிகளிலிருந்து 7 பாடல்களை எடுத்தார்கள், ஓவர்டப் இல்லை. முதலில் ஜப்பானில் மட்டும் விற்பதாக இருந்தது. ஒரு பாட்டில் இயன் கில்லன் குரலால் ஒன்று சொல்ல, ரிச்சி பிளாக்மோர் கிட்டாரில் அதையே திருப்பிச் சொல்ல, சொற்கட்டு சுருங்கிச் சுருங்கி வேகம் ஏறும். கற்பனை ஸ்வரத்தில் பாடகருக்கு வயலின்காரர் பதில் சொல்லும்போது சபையில் எழும் அதே பரபரப்பு. இன்னொரு பாட்டில் டிரம்ஸ் கலைஞர் இயன் பெய்ஸ் தனி ஆவர்த்தனமே வாசிக்கிறார்.

இந்த ஒப்புமைக்கு மதுரையிலேயே ஆதாரம் இருக்கிறது. மதுரை மணி ஐயர் (1912–1968) இன்று கேட்கப்படுவது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள் வழியாகத்தான். சர்வலகுவில் அருவிபோல் விழும் அவர் ஸ்வரங்கள் 3 நிமிட இசைத்தட்டில் அடங்குகிறவை இல்லை. இங்கிலீஷ் நோட்டு (மேற்கத்திய மெட்டில் அமைந்த சிறு உருப்படி) எப்போது வரும் என்று சபை காத்திருந்ததும், கேட்டு வாங்கியதும் அந்தப் பதிவுகளின் ஒரு பகுதி. ஃபில்மோர் பதிவிலும் கூட்டத்திலிருந்து ஒருவர் தனக்கு வேண்டிய பாட்டின் பெயரைக் கத்துவது கேட்கும். அதை வெட்டாமல் விட்டதற்கு டவுட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ஸ்டுடியோ தட்டும் மேடையும் இரண்டும் பொருந்தின. மணி ஐயருக்கு மேடைதான். ராக்கிலும் இந்த இரண்டு வகைக் கலைஞர்கள் உண்டு. ஆல்மன் பிரதர்ஸ் இரண்டாம் வகை.

சபை தெரியாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1971 ஆகஸ்ட் 1 அன்று ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் பங்களாதேஷ் அகதிகளுக்காக நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்திய கச்சேரியில், ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கமே கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் கனிவோடு சொன்னார். ஆல்பத்தில் அது அப்படியே இருக்கிறது. அந்தக் கைதட்டலில் அறியாமை உண்டு, அன்பும் உண்டு.

சிறந்தவை எவை

மேலே சொன்னவற்றிலிருந்து கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்த இரவு இல்லாமல் இந்த இசை இருந்திருக்குமா? பிறகு செய்த வேலை அதைக் காத்ததா, மறைத்ததா? இந்த அளவுகோலில் எனக்குக் கிடைக்கும் வரிசை:

1. ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட், ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’.

2. ஹூ, ‘லைவ் அட் லீட்ஸ்’. மூன்று கருவி, ஒரு குரல். அவ்வளவு சத்தத்திலும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள்.

3. டீப் பர்ப்பிள், ‘மேட் இன் ஜப்பான்’. புதிதாக வருகிறவர் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

4. நிர்வாணா, ‘எம்டிவி அன்பிளக்டு’. 1993 நவம்பர் 18 அன்று சின்ன ஸ்டுடியோ அரங்கில் பதிவாகி, 1994 ஏப்ரலில் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்த பிறகு வெளிவந்தது. சத்தத்துக்குப் பேர்போன குழு சத்தத்தைக் கீழே வைத்துவிட்டு வாசித்தது.

‘ஃபிராம்ப்டன் கம்ஸ் அலைவ்!’ (1976) அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கேட்க இனிமையானது. முதல் நான்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்ப் பதிவுகளுக்கு இதனால் என்ன

நவராத்திரிக் கச்சேரி, சித்திரைத் திருவிழா, மண்டகப்படி நாதஸ்வரம் எல்லாம் இன்று கைபேசியில் பதிவாகின்றன. பத்து ஆண்டு கழித்தும் கேட்கத்தக்கதாக எடுக்க வேண்டுமானால், ராக் ஆல்பங்களிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளக்கூடியவை:

1. மிக்ஸர் அவுட்டை மட்டும் நம்ப வேண்டாம். மேடைக்கு எதிரே இரண்டு மைக் வைத்துத் தனி ட்ராக்கில் எடுங்கள். தவிலின் முழு ஒலியும் சபையும் அதில்தான் வரும்.

2. இரண்டையும் சேர்க்கும்போது நேரம் பார்த்துப் பொருத்துங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகச் சேரும். அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும்.

3. கலைஞரிடம் அனுமதி கேளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துபவருக்கு அவர் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை தருகிறது. சொந்தமாகக் கேட்க எடுத்துக்கொள்வதற்கு விலக்கு உண்டு. வலையேற்றுவது அதில் சேராது.

4. திருத்தாத மூலப் பிரதி ஒன்றை அப்படியே தனியாக வையுங்கள். இரைச்சலை இன்று நீக்கத் தெரியாவிட்டாலும் பின்னால் வருகிறவருக்குத் தெரியலாம். 1970இன் சடசடப்பு 1995இல் நீங்கியது மூல டேப் இருந்ததால்தான்.

5. கோப்பின் பெயரிலேயே ஊர், கோயில், தேதி, பாடியவர், பக்கவாத்தியக்காரர்கள் எல்லோர் பெயரையும் எழுதிவிடுங்கள். டிலனின் மான்செஸ்டர் கச்சேரி பல ஆண்டுகள் லண்டன் அரங்கின் பெயரில் சுற்றியது, இந்த ஒரு வரி சரியாக எழுதப்படாததால்.